வேலையை விட்டால் கைக்கு வர வேண்டிய காசு: திருகோணமலைத் தொழிலாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒக்டோபர் பிறந்து கடல் கொந்தளிக்கத் தொடங்கினால் நிலாவெளியிலும் உப்புவெளியிலும் சீசன் முடிந்துவிடும். அதோடு பலருடைய வேலையும் முடிந்துவிடும். நகரத்துக் கடைகள், கிண்ணியா, தம்பலகாமம் பக்க அரிசி ஆலைகள், சீனக்குடாவில் ஒப்பந்தக்காரருக்குக் கீழே நடக்கும் வேலைகள் என்று எங்கே பார்த்தாலும் வேலையை விட்டவருக்குக் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "கணக்குப் பார்த்துத் தாறன், பிறகு வாங்கோ." அந்தப் பிறகு வருவதே இல்லை. இரண்டு மூன்று தடவை நடந்து அலுத்துப்போய், கிடைத்ததை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டவர்கள் ஏராளம்.

முதலாளி மனம் இரங்கித் தரும் காசு அல்ல இது. நீங்கள் ஏற்கனவே உழைத்து முடித்த காசு. கீழே உள்ளவை தனியார் துறையில் வேலை செய்வோருக்கானவை. அரச ஓய்வூதியம் வேறு விடயம்.

வேலையை விட்டால் எனக்கு என்னென்ன வர வேண்டும்?

எல்லாவற்றையும் ஒரே தொகையாக நினைப்பதால்தான் பலர் ஏமாறுகிறார்கள். முதலில் பிரித்துப் பாருங்கள். முதலாளி நேரடியாகத் தர வேண்டியவை: கடைசி நாள் வரையான சம்பளம், அதுவரை செய்த ஓவர்டைமுக்கான காசு, உழைத்தும் எடுக்காமல் விட்ட வருடாந்த விடுமுறைக்கான காசு, ஐந்து வருடம் முடித்திருந்தால் பணிக்கொடை, அதாவது சேவைக்காலத்துக்காக விலகும்போது மொத்தமாகத் தரும் தொகை (கிராஜுவிட்டி). நோட்டீஸ் தராமல் உங்களை நிறுத்தியிருந்தால், ஒப்பந்தத்தில் சொன்ன நோட்டீஸ் காலத்துக்கான சம்பளமும் இதில் சேரும்.

ஊழியர் சேமலாப நிதி, அதாவது எல்லோரும் சொல்லும் ஈ.பி.எப், மத்திய வங்கியில் உங்கள் பெயரில் இருக்கிறது, அல்லது இருக்க வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியான ஈ.டி.எப் அதற்கென உள்ள சபையில் இருக்கிறது. இந்த இரண்டும் முதலாளியின் மேசை லாச்சிக்குள் இருக்கும் காசு அல்ல. ஆகவே "உன் ஈ.பி.எப்பை நிறுத்தி வைக்கிறேன்" என்று யாரும் மிரட்டினால் பயப்பட வேண்டாம். அதை நிறுத்தி வைக்க அவருக்கு அதிகாரம் கிடையாது.

மாதத்தின் நடுவில் விட்டேன். அந்த நாட்களுக்குச் சம்பளம் உண்டா?

உண்டு. வேலை செய்த ஒவ்வொரு நாளுக்கும் உண்டு. மாதச் சம்பளக்காரர்களுக்கு அடுத்த மாதம் 10ஆம் திகதிக்குள் சம்பளம் போட வேண்டும் என்பது பொது விதி. விலகிப் போனவர் என்பதற்காக அதைத் தள்ளிப்போட எந்தச் சட்டமும் இடம் கொடுக்கவில்லை. "முழு மாதம் செய்யாதவருக்குச் சம்பளம் இல்லை" என்று சில கடைகளில் வாய்ப்பேச்சில் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். அது சட்டமே அல்ல.

சம்பளம் எவ்வளவு என்பதையும் ஒரு தரம் பாருங்கள். தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரல் முதல் 27,000 ரூபாய், 2026 ஜனவரி முதல் 30,000 ரூபாய். அதற்குக் கீழே வாங்கியிருந்தால் கடைசிக் கணக்கில் அந்த வித்தியாசத்தையும் கேட்கலாம்.

நோட்டீஸ் கொடுக்காமல் நின்றுவிட்டேன். அதற்காகக் காசு தர மாட்டேன் என்கிறார். சரியா?

பாதி சரி, பாதி பிழை. நியமனக் கடிதத்தில் ஒரு மாத நோட்டீஸ் என்று எழுதியிருந்து நீங்கள் சொல்லாமல் கொள்ளாமல் போயிருந்தால், அந்தக் காலத்துக்கான சம்பளத்தை அவர் உங்களிடம் கோர முடியும். ஒப்பந்தத்தில் இருபக்கமும் சேர்ந்து சம்மதித்தது அது. ஆனால் அதைச் சாட்டாக வைத்து ஈ.பி.எப், ஈ.டி.எப், பணிக்கொடை எல்லாவற்றையும் இல்லாமல் செய்ய முடியாது.

கடிதமே தராத இடத்தில் "ஒரு மாத நோட்டீஸ் என்பது வழக்கம்" என்று சொன்னால், எங்கே எழுதியிருக்கிறது என்று மரியாதையாகக் கேளுங்கள். ஆனாலும் முடிந்தவரை எழுத்தில் அறிவித்துவிட்டு, அதில் ஒரு பிரதியை வைத்துக்கொண்டு விலகுவதே நல்லது. பின்னால் எந்த விசாரணைக்குப் போனாலும் அந்த ஒரு தாள் உங்கள் பக்கம் நிற்கும்.

உடைந்த பிளேட், குறைந்த ஸ்டொக் என்று கடைசிச் சம்பளத்தில் வெட்டினார்கள்.

சட்டம் அனுமதித்த கழிவுகளும், நீங்கள் எழுத்தில் சம்மதித்த கழிவுகளும் தவிர வேறு எதையும் சம்பளத்தில் வெட்ட முடியாது. வாங்கிய முற்பணத்தைக் கழிக்கலாம், அதில் பிரச்சினை இல்லை. ஆனால் சமையலறையில் எல்லோரும் புழங்கும் பாத்திரம் உடைந்ததற்கு, கடைசியாக விலகியவரின் தலையில் முழுத் தொகையையும் கட்டுவது அநியாயம். எதற்கு எவ்வளவு வெட்டினார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரத் தயங்கினாலே விடயம் விளங்கிவிடும்.

எடுக்காத லீவுக்குக் காசு கிடைக்குமா?

வருடாந்த விடுமுறைக்குக் கிடைக்கும். கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி வருடத்துக்கு 14 நாள் வருடாந்த விடுமுறையும் திடீர்த் தேவைக்கு எடுக்கும் 7 நாள் அமைய விடுமுறையும் (கெஷுவல் லீவு) உண்டு. விலகும்போது, உழைத்துச் சேர்த்தும் எடுக்காமல் இருக்கும் வருடாந்த விடுமுறைக்குச் சம்பளம் கேட்கலாம். அமைய விடுமுறையை அப்படிக் காசாக்க முடியாது.

பணிக்கொடை யாருக்குக் கிடைக்கும்? எவ்வளவு?

அதிகம் பறிபோகும் தொகை இதுதான். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி இரண்டு விடயங்களைப் பார்ப்பார்கள். ஒன்று, நீங்கள் ஐந்து வருடச் சேவையை முடித்திருக்க வேண்டும். மற்றது, வேலை முடிவதற்கு முந்திய 12 மாதத்தில் அந்த முதலாளியிடம் 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்திருக்க வேண்டும். 15 பேர் என்னும்போது உங்கள் கிளையை மட்டும் எண்ண வேண்டாம். ஒரே முதலாளிக்கு நகரத்தில் ஒரு கடை, மூதூரில் ஒரு கடை, கந்தளாயில் ஒரு களஞ்சியம் என்று இருந்தால் எல்லா இடத்து ஆட்களையும் சேர்த்துச் சொல்லுங்கள். "எங்களிடம் பத்துப் பேர்தானே" என்ற கதை இந்த இடத்தில்தான் உடையும்.

மாதச் சம்பளக்காரர்களுக்கு முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசியாக வாங்கிய சம்பளத்தின் அரை மாதத் தொகை. நாட்கூலி போன்ற மற்றவர்களுக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாட் கூலி. அடிப்படைச் சம்பளத்தோடு வாழ்க்கைச் செலவுப் படி போன்ற படிகளும் கணக்கில் சேரும். ஓவர்டைம் சேராது.

கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். உப்புவெளி ஹோட்டல் ஒன்றில் ஒருவர் 7 வருடம் 8 மாதம் வேலை செய்கிறார், கடைசிச் சம்பளம் 42,000 ரூபாய் என்று வையுங்கள். அரை மாதம் 21,000. முடித்த வருடம் 7. ஆகவே 147,000 ரூபாய். மேலதிக 8 மாதம் கணக்கில் வராது. அரிசி ஆலையில் நாளுக்கு 1,500 ரூபாய்க்கு 6 வருடம் வேலை செய்தவருக்கு 1,500 ஐ 14 ஆலும் பிறகு 6 ஆலும் பெருக்கினால் 126,000 ரூபாய். நாட்கூலிக்காரருக்குப் பணிக்கொடை இல்லை என்று சொல்லி அனுப்பும் இடங்கள் உண்டு. நம்பாதீர்கள்.

கடைசிச் சம்பளத்தை வைத்தே முழுக் காலத்துக்கும் கணக்கிட வேண்டும். சேர்ந்த காலத்தில் 12,000 ரூபாய் வாங்கினீர்கள் என்பதற்காக முதல் மூன்று வருடத்தை 12,000 கணக்கில் போட்டால் அந்தக் கணக்கு பிழை.

வேலை முடிந்து 30 நாளுக்குள் இதைத் தந்துவிட வேண்டும். பிந்தினால் பிந்திய காலத்தைப் பொறுத்து 10 சதவீதத்திலிருந்து 30 சதவீதம் வரை மேலதிகமாகக் கட்ட வேண்டி வரும். "அடுத்த சீசனுக்குப் பார்ப்போம்" என்று இழுப்பவர்களிடம் இந்த விடயத்தைச் சண்டை பிடிக்காமல் சொல்லிப் பாருங்கள். பலர் அதோடு வழிக்கு வந்துவிடுவார்கள்.

நானாகவே விலகினேன். பணிக்கொடை கிடையாதாமே?

கிடைக்கும். விலகினாலும், நிறுத்தப்பட்டாலும், வயது போய் ஓய்வு பெற்றாலும், இறந்தாலும் கிடைக்கும். வேலை எப்படி முடிந்தது என்பது இதில் பிரச்சினை இல்லை. ஐந்து வருடம் முடிந்ததா என்பதே கேள்வி.

ஒரேயொரு விலக்கு இருக்கிறது. மோசடி, நிதிக் கையாடல், நிறுவனச் சொத்துக்கு வேண்டுமென்றே சேதம் விளைவித்தது போன்ற காரணத்துக்காக வேலையால் நிறுத்தப்பட்டவரிடம், அந்த இழப்பின் அளவுக்குப் பணிக்கொடையை வெட்டலாம். 10,000 ரூபாய் இழப்பென்றால் 10,000 ரூபாயை வெட்டலாம், முழுத் தொகையையும் அல்ல. அதுவும் அந்தக் காரணத்துக்காகவே நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். விலகல் கடிதத்தை வாங்கி ஏற்றுக்கொண்டுவிட்டு, இரண்டு மாதம் கழித்துக் களவுக் கதை சொல்ல வருவதை விசாரணையில் யாரும் இலகுவில் ஏற்கப்போவதில்லை.

எங்கள் கடையில் ஆறு பேர்தான். அப்போ ஒன்றும் இல்லையா?

பணிக்கொடைச் சட்டத்தின் கீழ் இல்லை. ஆனால் கைத்தொழில் பிணக்குகள் சட்டப்படி தொழிலாளர் வழக்குகளை விசாரிக்கும் தொழில் நியாயசபையில் (லேபர் ட்ரிபியூனல்) பணிக்கொடை கேட்டு விண்ணப்பிக்கலாம். அங்கே சூத்திரம் வைத்துக் கணக்குப் பார்ப்பதில்லை. சேவைக்காலம், நடத்தை, முதலாளியின் நிலைமை எல்லாம் பார்த்து நியாயமான தொகையைத் தீர்மானிப்பார்கள். மத்திய வீதியிலும் என்.சி. வீதியிலும் இருபது வருடம் ஒரே புடவைக் கடையில் நின்ற பெண்கள் "சின்னக் கடைதானே" என்று வெறுங்கையோடு வீட்டுக்குப் போகிறார்கள். அவர்களுக்கு இந்த வழி இருக்கிறது என்று சொல்ல ஆளில்லை. உங்களுக்குத் தெரிந்த ஒருவர் அப்படி இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.

இன்னொன்று. ஈ.பி.எப்புக்கும் ஈ.டி.எப்புக்கும் இந்த 15 பேர் கணக்கே கிடையாது. ஒருவர் மட்டும் வேலை செய்தாலும் கட்ட வேண்டும்.

சீசனுக்கு மட்டும் வேலை. ஒவ்வொரு வருடமும் ஏப்ரலில் கூப்பிட்டு ஒக்டோபரில் அனுப்புவார்கள். எனக்கு என்ன உரிமை?

திருகோணமலைக்கே உரிய கேள்வி இது. வேலை செய்த மாதங்களுக்கு ஈ.பி.எப், ஈ.டி.எப் கட்டாயம் வேண்டும். தற்காலிகம், பயிற்சிக் காலம், சீசன் ஆள் என்று எந்தப் பெயர் வைத்தாலும் சேர்ந்த முதல் நாளிலிருந்தே ஈ.பி.எப் உரிமை தொடங்குகிறது.

பணிக்கொடைதான் சிக்கல். ஐந்து வருடச் சேவை தொடர்ந்து இருந்ததா என்று பார்ப்பார்கள். ஒவ்வொரு ஒக்டோபரிலும் கணக்கு முடித்து, அடுத்த ஏப்ரலில் புதிய கடிதம் தந்து எடுத்திருந்தால் முதலாளி அதைக் காட்டித் தொடர்ச்சி இல்லை என்பார். ஆனால் கணக்கு முடிக்காமல் "மழைக்காலம் முடிய வா" என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தால், இடையில் பராமரிப்பு வேலை, பெயின்ட் வேலை, காவல் என்று கூப்பிட்டிருந்தால், ஒரே ஈ.பி.எப் இலக்கமே தொடர்ந்திருந்தால், உங்களுக்கும் சொல்ல வலுவான நியாயம் இருக்கிறது. ஆகவே அந்த வட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். "ஏப்ரல் முதலாம் திகதி வந்துவிடு" என்ற குரல் பதிவு கூட ஒரு நாள் உதவும்.

புறாமலைக்குப் படகு ஓட்டுபவர்களும் இதைக் கேட்கிறார்கள். சொந்தப் படகு வைத்து ஓட்டினால் நீங்கள் தொழிலாளி அல்ல, இவை பொருந்தாது. இன்னொருவரின் படகில், அவர் சொல்லும் நேரத்துக்கு, அவர் தரும் சம்பளத்துக்கு ஓட்டினால் நீங்கள் தொழிலாளிதான்.

ஈ.பி.எப் கட்டினார்களா இல்லையா என்று எப்படித் தெரியும்?

வேலையில் இருக்கும்போதே பாருங்கள். சம்பளத்தில் உங்களிடம் 8 சதவீதம் கழிப்பார்கள், முதலாளி தன் பங்காக 12 சதவீதம் சேர்த்து மொத்தம் 20 சதவீதம் அனுப்ப வேண்டும். அடுத்த மாத முடிவுக்குள் போய்ச் சேர வேண்டும். சம்பளச் சிட்டையில் 8 சதவீதம் கழித்துக் காட்டிவிட்டு நிதிக்கு அனுப்பாமல் விடுவதும் நடக்கிறது. உங்கள் கையிலிருந்து எடுத்த காசை மறைத்தது என்பதால் இது சாதாரண தாமதம் அல்ல.

மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகம் திருகோணமலையிலேயே இருக்கிறது. தேசிய அடையாள அட்டையோடு போய் உங்கள் ஈ.பி.எப் கணக்கு விபரத்தைக் கேளுங்கள். எந்த மாதத்துக்கு எவ்வளவு வந்தது, எந்த மாதம் விடுபட்டது என்று அதில் தெரியும். அதை வைத்துக்கொண்டு தொழில் அலுவலகத்தில், அதாவது லேபர் கந்தோரில், முறையிடலாம்.

அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும் கட்டுவது இன்னொரு தந்திரம். ஈ.பி.எப் கணக்கில் படிகளும் சேரும், முதலாளி தரும் சாப்பாட்டின் பெறுமதியும் சேரும். மூன்று வேளையும் சாப்பாடு தரும் ஹோட்டல்களில் வேலை செய்வோர் இதைக் கவனிப்பதே இல்லை. ஓவர்டைம் மட்டும் சேராது.

கட்டாமல் விட்ட மாதங்களுக்கு "உன் 8 சதவீதத்தையும் இப்போது தா, சேர்த்துக் கட்டுகிறேன்" என்று கேட்பவர்களும் உண்டு. உரிய நேரத்தில் கழிக்காமல் விட்டதைப் பிறகு உங்களிடம் அறவிட முடியாது. முழு 20 சதவீதமும் முதலாளியின் பொறுப்பு. பிந்திய காலத்தைப் பொறுத்து 50 சதவீதம் வரை மேலதிகக் கட்டணமும் அவர் கட்ட வேண்டும்.

பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் சரிபார்ப்பது மிக முக்கியம். எங்கள் பெயர்களை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு விதம், அடையாள அட்டையில் ஒரு விதம், முதலாளி அனுப்பிய பட்டியலில் மூன்றாவது விதம். பழைய ஒன்பது இலக்க அட்டையிலிருந்து பன்னிரண்டு இலக்கத்துக்கு மாறியவர்களுக்கு இன்னும் குழப்பம். 55 வயதில் காசு எடுக்கப் போகும்போது திருத்தத் தொடங்கினால் அந்த நிறுவனமே இருக்காது. வேலையில் இருக்கும்போதே திருத்துங்கள்.

வேலையை விட்டுவிட்டேன். ஈ.பி.எப்பை இப்போதே எடுக்கலாமா?

பொதுவாக முடியாது. ஆண்களுக்கு 55 வயது, பெண்களுக்கு 50 வயது. அதற்கு முன் எடுப்பதற்குச் சில காரணங்கள்தான் உண்டு: நிரந்தரமாக வேலை செய்ய முடியாத உடல்நிலை, நிரந்தரமாக வேறு நாட்டில் குடியேறுதல், ஓய்வூதியம் உள்ள அரச வேலையில் சேர்தல், பெண்கள் திருமணத்துக்காக வேலையை விடுதல்.

கட்டாருக்கோ சவூதிக்கோ வேலைக்குப் போவது நிரந்தரக் குடியேற்றம் ஆகாது. அதைக் காட்டி எடுக்க முடியாது. காசு அங்கேயே வட்டியோடு இருக்கும். கவலைப்பட வேண்டாம்.

திருமணத்தைக் காட்டி எடுக்கும் தங்கைமாருக்கு ஒரு வார்த்தை. உங்கள் உரிமை அது, எடுக்கலாம். ஆனால் கல்யாணச் செலவுக்கு என்று வீட்டார் கேட்டதற்காக மட்டும் எடுக்க வேண்டாம் என்றே நான் சொல்வேன். வயது போன காலத்தில் உங்கள் பெயரில் இருக்கக்கூடிய ஒரே காசாக அது இருக்கலாம். வீடு, மருத்துவம் போன்ற தேவைக்கு, 10 வருடம் உறுப்பினராக இருந்து கணக்கில் மூன்று இலட்சம் ரூபாய்க்குக் குறையாமல் இருந்தால், 30 சதவீதம் வரை முன்கூட்டியே எடுக்கும் வழியும் இருக்கிறது.

ஈ.டி.எப்?

இதை வேலையை விட்டதும் எடுக்கலாம். முதலாளி மாதம் 3 சதவீதம் கட்டுவது, உங்கள் சம்பளத்தில் கழிக்கக் கூடாது. ஒருமுறை எடுத்தால், அடுத்த வேலையை விட்டு மறுபடி எடுக்க ஐந்து வருடம் கடக்க வேண்டும். ஆகவே எட்டு மாத வேலையில் சேர்ந்த சின்னத் தொகைக்காக அவசரப்பட வேண்டாம்.

ராஜினாமாக் கடிதம் எழுதித் தந்தால்தான் காசு என்கிறார்கள். எழுதலாமா?

நீங்களாக விலகவில்லை என்றால் எழுதவே எழுதாதீர்கள்.

ஏன் கேட்கிறார்கள் என்று சொல்கிறேன். 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், முந்திய 12 மாதத்தில் 180 நாள் வேலை செய்த ஒருவரை ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் நிறுத்துவதென்றால், அவருடைய எழுத்துமூலச் சம்மதம் அல்லது தொழில் ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி முன்கூட்டியே வேண்டும். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் அப்படிச் சொல்கிறது. "வியாபாரம் இல்லை, ஆள் குறைக்கிறோம்" என்று சும்மா அனுப்ப முடியாது. நீங்களே விலகியதாக ஒரு கடிதம் இருந்தால் அவருக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. நட்டஈடும் இல்லை. உங்கள் கையாலேயே உங்கள் உரிமையை எழுதிக் கொடுக்க வைக்கும் வேலை அது.

அதே போல, வெற்றுத் தாளிலும், "சகல கொடுப்பனவுகளையும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று அச்சடித்த தாளிலும் கையெழுத்துப் போட வேண்டாம். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருந்து விளங்காவிட்டால் வீட்டுக்கு எடுத்துப்போய் வாசிப்பித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லுங்கள். வீட்டில் அரிசி இல்லாத நாளில் இந்த அறிவுரை எவ்வளவு கடினம் என்று தெரியும். வாங்கியே ஆக வேண்டிய நிலைமை என்றால், வாங்கிய தொகை, எதற்கான தொகை, திகதி மூன்றையும் உங்கள் கையால் எழுதி, "மிகுதிக்கான உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை" என்று சேர்த்து, கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.

ஏற்கனவே போட்டுவிட்டீர்களா? முடிந்துபோன கதை என்று விடாதீர்கள். எப்படி, யார் முன்னால், என்ன சொல்லி வாங்கினார்கள் என்று ஞாபகம் இருக்கும்போதே எழுதி வைத்துவிட்டுத் தொழில் அலுவலகத்துக்குப் போங்கள்.

தண்டனை என்று சொல்லித் திடீரென நிறுத்திவிட்டார்கள். எங்கே போவது?

அந்த 1971ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தும் இடங்களில், ஒழுக்காற்று நடவடிக்கையாக நிறுத்தினால் காரணத்தை இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் எழுத்தில் தர வேண்டும். காரணம் நியாயமில்லை என்றால் தொழில் நியாயசபைக்கு விண்ணப்பிக்கலாம். வேலை முடிந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் விண்ணப்பம் போக வேண்டும். இந்த 6 மாதத்தைக் கலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். முதலாளியோடு பேச்சுவார்த்தை நடக்கிறது, பள்ளிவாசலில் பேசுகிறார்கள், கோயில் தர்மகர்த்தா சமரசம் பார்க்கிறார் என்று காத்திருந்து தவணையைத் தவறவிட்டவர்கள் இருக்கிறார்கள். சமரசம் ஒரு பக்கம் நடக்கட்டும். விண்ணப்பம் மறுபக்கம் போகட்டும்.

சட்டத்தரணி கட்டாயம் இல்லை. நீங்களே பேசலாம், தொழிற்சங்கப் பிரதிநிதி ஒருவரும் உங்களுக்காகத் தோன்றலாம்.

என்னிடம் நியமனக் கடிதமும் இல்லை, சம்பளச் சிட்டையும் இல்லை.

கடிதம் தராதது முதலாளியின் குற்றம். அதனால் உங்கள் உரிமை இல்லாமல் போகாது. வங்கியில் சம்பளம் விழுந்த பதிவு, வேலை அட்டவணை அனுப்பிய வட்ஸ்அப் குழு, நிறுவன அடையாள அட்டை, சீருடையோடு எடுத்த படம், நீங்கள் கையெழுத்திட்டு வாங்கிய பொருட்களின் பற்றுச்சீட்டு, கூட வேலை செய்தவரின் சாட்சி, எல்லாமே சான்றுதான். 2004 சுனாமியில் கிண்ணியா, மூதூர், நிலாவெளிப் பக்கம் வீட்டோடு எல்லா ஆவணங்களும் போனவர்கள் உண்டு. அவர்களுடைய பழைய சேவைக்கு ஈ.பி.எப் பதிவே பெரிய ஆதாரம், ஏனென்றால் அது கொழும்பில் இருக்கிறது.

விலகும்போது சேவைச் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். சேர்ந்த திகதி, விலகிய திகதி, செய்த வேலை இருந்தால் போதும்.

லேபர் கந்தோரில் என்ன நடக்கும்? காசு கேட்பார்களா?

திருகோணமலையில் தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகம் இருக்கிறது. முறைப்பாட்டுக்குக் கட்டணம் இல்லை. தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம், தமிழிலேயே பதில் கேட்கலாம், அது அரசியலமைப்பு தந்த உரிமை. தொழில் உத்தியோகத்தர் முதலாளியின் பதிவேடுகளைக் கேட்பார், இரு தரப்பையும் விசாரணைக்குக் கூப்பிடுவார். கூப்பிட்ட நாளில் கட்டாயம் போங்கள். நீங்கள் வராவிட்டால் முறைப்பாட்டில் அக்கறை இல்லை என்று எடுப்பார்கள். கொடுக்க வேண்டிய தொகை தீர்மானமாகியும் கொடுக்காவிட்டால், திணைக்களம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போய் அதை அறவிட முடியும். அந்த வழக்கை நீங்கள் செலவழித்து நடத்த வேண்டியதில்லை.

மெதுவாகத்தான் நடக்கும், அதை மறைக்க விரும்பவில்லை. மாதங்கள் போகலாம். நான்கைந்து பேருக்கு ஒரே பிரச்சினை என்றால் சேர்ந்து போங்கள், ஆளுக்கொரு முறைப்பாடு கொடுங்கள். தனி ஒருவரின் பேச்சை மறுப்பது இலகு, ஐந்து பேருடையதை மறுப்பது கடினம்.

கணவர் வேலையில் இருக்கும்போதே இறந்துவிட்டார். நான் கேட்கலாமா?

கட்டாயம் கேளுங்கள், அக்கா. பணிக்கொடை அவருடைய வாரிசுகளுக்குச் சேரும். ஈ.பி.எப்பும் ஈ.டி.எப்பும் அவர் பெயர் குறித்து வைத்தவருக்கு, அப்படிக் குறிக்கவில்லை என்றால் சட்டப்படியான வாரிசுகளுக்கு. இறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு முதலில் தொழில் அலுவலகத்துக்குப் போங்கள். செத்த வீட்டுச் செலவுக்கு முதலாளி தந்த காசு உதவிதான். அதைப் பணிக்கொடையில் கழிக்க விடாதீர்கள்.

முதலாளிக்குக் கடிதம் எழுதுவதென்றால் என்ன எழுதுவது?

நீளமாக எழுத வேண்டாம். கோபத்தையும் எழுத வேண்டாம். இப்படி இருந்தால் போதும்:

"நான் உங்கள் நிறுவனத்தில் இன்ன திகதியிலிருந்து இன்ன திகதி வரை இன்ன வேலை செய்தேன். எனது கடைசி மாதச் சம்பளம் இவ்வளவு. எனக்கு வர வேண்டியவை: இன்ன மாதத்தின் இத்தனை நாட் சம்பளம், இத்தனை மணி ஓவர்டைம், எடுக்காத இத்தனை நாள் வருடாந்த விடுமுறை, இத்தனை வருடச் சேவைக்கான பணிக்கொடை. எனது ஈ.பி.எப்பில் இன்ன இன்ன மாதங்கள் விடுபட்டுள்ளன. சேவைச் சான்றிதழும் தரவும். இக்கடிதம் கிடைத்து 14 நாளுக்குள் பதில் தராவிட்டால் தொழில் திணைக்களத்தில் முறையிடுவேன்."

கையெழுத்து, திகதி, முகவரி, அடையாள அட்டை இலக்கம், ஈ.பி.எப் இலக்கம் போடுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் கந்தோர் தரும் துண்டைக் கடிதப் பிரதியோடு சேர்த்துப் பின் அடித்து வையுங்கள். கையில் கொடுப்பதென்றால் பிரதியில் "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்து வாங்குங்கள். போட மறுத்தால் சண்டை வேண்டாம், அன்றைக்கே தபாலில் போடுங்கள்.